வீட்டுத் தொகுப்பு பொதுச்சொத்தாகும்போது: ஹொல்ஸ்டெப்ரோவின் கணக்கும் எமது கணக்கும்

டென்மார்க்கின் அருங்காட்சியகங்களுக்கான புதிய ஏற்பாடு 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்னர் ஓர் அருங்காட்சியகத்துக்கு அரசு கொடுக்கும் மானியம் பெரும்பாலும் பழைய வழக்கத்தின்படியே நீடித்து வந்தது. சென்ற ஆண்டு கிடைத்தது இந்த ஆண்டும் கிடைக்கும் என்ற நிலை. இப்போது எத்தனை பேர் வருகிறார்கள், அரசுக்கு வெளியே எவ்வளவு வருமானம் திரட்டப்படுகிறது, ஆய்வுப்பணி நடக்கிறதா என்ற அளவுகோல்கள் முன்னுக்கு வந்துள்ளன.

இந்தச் செய்தி எம்மவர் மத்தியில் பெரிதாகப் பேசப்படவில்லை. அருங்காட்சியகத்துக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. இந்நாட்டின் பெயர்பெற்ற அருங்காட்சியகங்கள் பலவும் ஒருவருடைய வீட்டில் இருந்தே தொடங்கின. ஒருவர் ஆசைப்பட்டுச் சேர்த்தார், வீட்டுச் சுவர் போதாமல் போயிற்று, வீட்டோடு ஒரு மண்டபம் கட்டினார், பிறகு கதவைத் திறந்துவிட்டார். அப்படித் திறந்த கதவுகளில் எவை திறந்தபடியே இருக்கின்றன, ஏன் இருக்கின்றன என்பதைக் கணக்குப் பார்க்கும் கண்ணோடு பார்த்தால், எமது வீடுகளின் அலுமாரிகளில் இருப்பவற்றுக்கு நாளை என்ன நடக்கும் என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

புகையிலைக்காரரின் வீடு

மேற்கு யூலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஹொல்ஸ்டெப்ரோ தெரியாத ஊர் அல்ல. எண்பதுகளின் நடுப்பகுதியில் இந்நாட்டுக்கு வந்த எம்மில் பலரை அரசு யூலாந்தின் சிறுநகரங்களுக்கே அனுப்பியது. அந்த ஊர்களில் மொழி படித்தோம், தொழிற்சாலைகளில் வேலை செய்தோம், பிள்ளைகளை வளர்த்தோம். ஆனால் ஹொல்ஸ்டெப்ரோவின் கலை அருங்காட்சியகத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள் எம்மில் எத்தனை பேர்?

அந்த அருங்காட்சியகம் 1967இல் திறக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த இடம் ஒரு வீடு. ஊரின் பெரிய புகையிலைத் தொழிற்சாலையை நடத்திய ஃபெர்க் குடும்பத்தின் மாளிகை அது. 1869இல் தொடங்கிய அந்தத் தொழில்தான் பல தலைமுறைகளாக ஊருக்கு வேலை கொடுத்தது. வீட்டைக் குடும்பம் கட்டியது. உள்ளே வைத்த கலைப்பொருட்களின் அடித்தளம் போல் ஹோல்ம் ஓல்சன் என்ற தனிப்பட்ட சேகரிப்பாளரிடம் இருந்து வந்தது. டெனிஷ் ஓவியங்களோடு ஆபிரிக்க முகமூடிகள், பாலித்தீவின் ஓவியங்கள், பெரு நாட்டின் பழைய மட்பாண்டங்கள் ஆகியவையும் அங்கே இருப்பதற்கு அத்தகைய தனிமனித ரசனையே காரணம். ஓர் அரச குழு கூடித் தீர்மானித்திருந்தால் மேற்கு யூலாந்தின் ஒரு சிறுநகரத்தில் பெருவின் மட்பாண்டத்துக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மூன்றாவது பங்காளி நகரசபை. அறுபதுகளில் நகரபிதாவாக இருந்த காய் கே. நீல்சனும் நிர்வாகப் பொறுப்பில் இருந்த யென்ஸ் யோஹான்சனும், சிறிய ஊருக்குப் பெரிய கலை தேவை என்று முடிவெடுத்தவர்கள். ஆல்பெர்ட்டோ ஜியாகொமெட்டியின் சக்கரங்களில் நிற்கும் பெண்ணுருவச் சிலையை நகரசபை இரண்டு இலட்சம் குரோணருக்கும் மேல் கொடுத்து வாங்கியபோது ஊரில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. வரிப்பணத்தை மெலிந்த ஒரு வெண்கலப் பெண்ணுக்குக் கொடுப்பதா என்று கேட்டார்கள். பின்னர் அதே ஊரார் அவளுக்குத் தமது பேச்சுவழக்கில் 'வண்டிமேல் மாறென்' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். 1966இல் ஒஸ்லோவில் இடமின்றி இருந்த ஒடின் நாடகக் குழுவையும் இதே நகரசபைதான் அழைத்து இடம் கொடுத்தது.

பிறகு வீடு போதாமல் போயிற்று. கட்டடக் கலைஞர் ஹன்ன கியார்ஹோல்மின் வடிவமைப்பில் 1981இல் புதிய கட்டடம் சேர்ந்தது, பின்னர் மேலும் விரிந்தது. பழைய வீடு இடிக்கப்படவில்லை. அதைச் சுற்றியே எல்லாம் வளர்ந்தது.

கணக்கேட்டில் எழுதினால் இது மூன்று பதிவுகள். வீடு ஒருவருடையது, பொருள் இன்னொருவருடையது, ஆண்டுதோறும் வரும் செலவு நகரத்தினுடையது. மூன்றில் ஒன்று விலகியிருந்தாலும் 1967இல் திறந்த கதவு இவ்வளவு காலம் திறந்திருக்காது.

பாதியை விற்ற வீடு

மூன்றும் ஒரே மனிதரின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோபன்ஹேகனுக்கு வடக்கே உள்ள ஓர்ட்ருப்கோர்ட் சாட்சி. வில்ஹெல்ம் ஹான்சன் ஒரு காப்புறுதி நிறுவன இயக்குநர். முதலாம் உலகப் போர் நடந்த காலத்தில் டென்மார்க் நடுநிலை வகித்தது, பணம் இருந்தது, பிரான்சில் ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன. மனே, மொனே, செசான், கோகான் என்று வாங்கிக் குவித்தார். ஹான்சனும் மனைவி ஹென்னியும் புதிதாகக் கட்டிய வீட்டோடு பிரெஞ்சு ஓவியங்களுக்கென்றே ஒரு மண்டபத்தை இணைத்தார்கள். 1918 செப்டெம்பரில் அது திறந்து வைக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள் பொதுமக்கள் உள்ளே போகலாம். தொகுப்பை ஒரு காலத்தில் நாட்டுக்கே கொடுப்பது அவரது எண்ணமாக இருந்தது.

1922இல் லாண்ட்மான்ஸ்பாங்கன் என்ற பெரிய வங்கி விழுந்தது. ஓவியம் வாங்குவதற்காகப் பங்காளிகளோடு சேர்ந்து பெற்ற பெருங்கடனுக்கு ஹான்சன் பொறுப்பாளி. தொகுப்பை வாங்கிக்கொள்ளுமாறு அரசிடம் கேட்டார், அரசு மறுத்தது. பிரெஞ்சுத் தொகுப்பில் பாதிக்கும் மேற்பட்டதை வெளிநாட்டாருக்கு விற்றுக் கடனை அடைத்தார். ஒரு பகுதி சுவிஸ் நாட்டின் வின்ரத்தூர் நகரத்துச் சேகரிப்பாளர் ஒஸ்கார் ரைன்ஹார்ட்டிடம் போனது. இன்னொரு பகுதி யப்பானியத் தொழிலதிபர் மட்சுகாட்டாவிடம் போனது.

நாட்டுக்கென்று மனதில் எழுதி வைத்திருந்த பொருள், சட்டப்படி எழுதி வைக்கப்படாததால் கடன்காரரின் ஈடாயிற்று. வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துப்போன மக்களுக்கு அதில் எந்த உரிமையும் இருக்கவில்லை. அவர்கள் விருந்தினர்கள் மட்டுமே. ஹான்சன் 1936இல் மறைந்தார். 1951இல் ஹென்னி மறைந்தபோது அவரது மரணசாசனத்தின்படி வீடும் எஞ்சிய தொகுப்பும் அரசுக்குச் சேர்ந்தன. 1953இல் அது அருங்காட்சியகமாயிற்று. 2005இல் சாஹா ஹடிட் வடிவமைத்த புதிய பகுதி அந்த வீட்டோடு இணைந்தது. இன்று அங்கே தொங்கும் படங்களைக் காப்பாற்றியது, கதவு திறந்த 1918ஆம் ஆண்டைவிட, கையெழுத்துச் செல்லுபடியான 1951ஆம் ஆண்டே என்று நாம் சொல்வோம்.

ரைன்ஹார்ட்டும் வின்ரத்தூரில் இதையே செய்தார். தமது வீட்டோடு ஓவிய மண்டபம் கட்டினார். ஆனால் 1958இலேயே வீட்டையும் தொகுப்பையும் சுவிஸ் கூட்டாட்சிக்கு எழுதிக் கொடுத்தார். மட்சுகாட்டாவின் தொகுப்போ பல கைகளுக்குச் சிதறியது. பிரான்சில் தேங்கியிருந்த ஒரு பகுதி திரும்பக் கிடைத்த பிறகே அதை வைக்க 1959இல் ரோக்கியோவில் தேசிய அருங்காட்சியகம் ஒன்று திறந்தது. ஒரே ஓவியர்களின் படங்கள் மூன்று நாடுகளில் மூன்று விதமாகத் தப்பின.

மூன்று கேள்விகள்

இவற்றை அடுக்கிப் பார்த்தால், வீட்டுத் தொகுப்பு எதுவானாலும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது, பொருள் யாருடையது? கோபன்ஹேகனின் பியர் அதிபர் கார்ல் யாக்கொப்சன் 1882இல் வல்பியில் இருந்த தமது வீட்டுச் சிலைக்கூடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார். சிலைகள் பெருகப் பெருக வீட்டோடு அறைகளைச் சேர்த்துக்கொண்டே போனார். ஆனால் 1888இல் தொகுப்பை முறைப்படி நன்கொடையாக்கினார். அதன்பின் அவருக்கு மனம் மாறினாலும், தொழில் விழுந்தாலும், சிலை சிலையாகவே இருக்கும்.

இரண்டாவது, ஆண்டுச் செலவு யாருடையது? கூரை ஒழுகும், காப்புறுதிக் கட்டணம் வரும், வெப்பமும் ஈரப்பதமும் அளவாக இருக்கவேண்டும், காவலாளிக்குச் சம்பளம் வேண்டும். பொருளை மட்டும் கொடுத்துவிட்டுச் செலவுக்கு வழி சொல்லாதவர், வாங்குபவரின் தலையில் ஒரு கடனை ஏற்றுகிறார். யாக்கொப்சன் தம்பதியர் 1902இல் நிதியம் ஒன்றை அமைத்து, மதுவாலையின் வருமானத்தை அதற்கு வழிவிட்டது இதனால்தான். அந்த நிதியம் இன்றும் டெனிஷ் அருங்காட்சியகங்களுக்குக் கலைப்பொருள் வாங்கக் கொடுக்கிறது.

மூன்றாவது, கதவு யாருடைய விருப்பத்தில் திறக்கிறது? உரிமையாளர் விரும்பினால் திறக்கும் கதவு வீட்டுக் கதவு. விதியில் எழுதியபடி திறக்கும் கதவே பொதுக்கதவு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பணம் படைத்தவர்கள் தமது பெயர் நிலைக்கவும் வரிச்சுமை குறையவும் செய்வதை ஏன் நாம் புகழவேண்டும்? புகையிலையிலும் பியரிலும் வந்த காசு, ஆலைத் தொழிலாளியின் உழைப்பில் வந்த காசு. இது பொய்யல்ல. ஹேர்னிங்கில் சேட்டுத் தொழிற்சாலை நடத்திய ஓக டம்கோர்ட், 1960இல் இத்தாலிய ஓவியர் பியெரோ மன்சோனியை அழைத்து வேலை செய்ய இடம் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக வளர்ந்த தொகுப்பு இன்று 2009இல் திறந்த 'ஹார்ட்' அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சேட்டுகளைத் தைத்தவர்களின் பெயர் சுவரில் பெரிதாக இல்லை. பெருமைக்காகவே கொடுத்திருந்தாலும், கொடுத்தது திரும்பப் பெற முடியாதபடி கொடுக்கப்பட்டதா என்பதையே கணக்காளர் பார்ப்பார். டெனிஷ் சட்டத்தில் நிதியம் என்பதன் உயிர்நாடி அதுதான்: நிறுவியவரின் சொத்தில் இருந்து மீளாதபடி பிரித்து வைக்கப்பட்ட சொத்து. நோக்கத்தை மனச்சாட்சி பார்த்துக்கொள்ளட்டும். பத்திரத்தை நாம் பார்ப்போம்.

எமது பக்கக் கதைகள்

வீட்டைப் பொதுவாக்குவது வெள்ளைக்காரப் பணக்காரரின் வழக்கம் மட்டும் என்று எண்ணவேண்டாம். கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் மன்றத்தின் காட்சியகம். 1943இல் உருவான '43 குழு' ஓவியர்களின் படங்களை அவர் தமது வீட்டுச் சுவர்களில் சேர்த்து வைத்திருந்தார். 1974இல் மன்றத்தை நிறுவி, தாம் உயிரோடு இருக்கும்போதே அவற்றுக்கு ஓர் உரிமையாளரை உண்டாக்கினார். 1988இல் அவர் மறைந்தபோது வீடு கலையவில்லை.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பெரும் பணக்காரர் அல்லர். நூல்கள், இதழ்கள், நாடக அறிவித்தல்கள், பாட்டுப் புத்தகங்கள் என்று ஏறக்குறைய ஒரு இலட்சம் அச்சுப் பொருட்களை வீட்டில் சேர்த்தார். 1992இல் மறைந்தார். சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைக்க முடிவெடுத்ததால் 1994இல் சென்னையில் அது நூலகமாயிற்று. வாங்க யாரும் வராதிருந்தால், பழைய கடதாசி எடை போட்டு விற்கப்பட்டிருக்கும்.

எமது மண்ணின் அனுபவம் வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. பொதுவான இடத்தில் வைத்தால் எரிப்பார்கள், வீட்டில் வைத்தால் தப்பும் என்ற பாடம் எமது மனங்களில் ஆழப் பதிந்தது. குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் போன்ற தனிமனிதர்கள் பத்திரிகை நறுக்குகளையும் ஆவணங்களையும் காத்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்கு வந்து சேர்ந்தவற்றில் பல, அத்தகைய வீடுகளில் தப்பிக் கிடந்தவை. அந்தப் பாடம் அன்று சரி. புலம்பெயர்ந்த நாட்டில் அதே பாடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது சரியா என்று இப்போது கேட்கவேண்டியிருக்கிறது. இங்கே நூலகத்தை யாரும் எரிக்கப்போவதில்லை. இங்கே எமது ஆவணங்களுக்கு இருக்கும் ஆபத்து, வைத்திருப்பவரின் வயது.

அலுமாரியில் இருப்பவை

எமது வீடுகளில் விலைமதிப்பற்ற ஓவியங்கள் இல்லை என்பது உண்மை. இருப்பவை வேறு. அகதி முகாமில் எடுத்த படங்கள், ஊரில் இருந்து வந்த நீல நிற வான்கடிதங்கள், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவில் தட்டச்சிலும் கையெழுத்திலும் வந்த சிறு சஞ்சிகைகள், முதல் பொங்கல் விழாவின் வீடியோ நாடா, தமிழ்ப் பாடசாலையின் வரவு இடாப்பு, குடும்ப ஒன்றிணைவுக்காகக் காத்திருந்த நாட்களின் விண்ணப்பப் படிவங்கள்.

இந்தக் கடைசிப் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1987இல் தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களை நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்த விவகாரத்தால்தான் 1993 ஜனவரியில் ஷ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. 1995இல் அமைச்சருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. டெனிஷ் அரசியல் வரலாற்றில் அதற்குப் பெயரே 'தமிழ் வழக்கு'. அரசின் பக்கத்து ஆவணங்கள் விசாரணை அறிக்கையாகப் பத்திரமாக இருக்கின்றன. காத்திருந்த குடும்பங்களின் பக்கத்து ஆவணங்கள் எமது அலுமாரிகளில் இருக்கின்றன.

இந்நாட்டில் ஒருவர் இறந்தால் மரணச்சொத்துக் கணக்கு எடுக்கப்படும். வீடு, வாகனம், வங்கிக் கணக்கு, நகை ஆகியவற்றுக்குப் பெறுமதி எழுதப்படும். பிள்ளைகள் பெறும் பங்கில் வரம்புக்கு மேற்பட்டதற்கு 15 சதவீத வரி உண்டு. மேலே சொன்ன பெட்டிகளுக்கு அந்தக் கணக்கில் பெறுமதி பூச்சியம். வாடகை வீடானால் சில கிழமைகளுக்குள் வெறுமையாக்கவேண்டும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை, துக்கத்தோடும் அவசரத்தோடும் நிற்கும்போது, எந்தக் கடதாசி முக்கியம் என்று எப்படித் தெரியும்? கொன்ரெய்னருக்குள் போகும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பட்டியல் எழுதி வைக்காதவர்கள் பெற்றோர்கள்.

செய்யக்கூடியவை

எமக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்டவேண்டும் என்று உடனே குரல் எழலாம். பிரண்டவிலும் ஹேர்னிங்கிலும் கோவில் எழுப்பியவர்களுக்கு இது முடியாதா என்பார்கள். கட்டுவது முடியும். இரண்டாவது கேள்வியை நினைவில் கொள்ளுங்கள்: இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வெப்பக் கட்டணம் யார் கட்டுவது? கோவிலுக்குத் திருவிழா வருமானம் உண்டு. ஆவணப் பெட்டிக்குத் தேர் இல்லை. புதிய சட்டத்தின் கீழ் வருகையாளர் தொகை குறைந்த சிறிய டெனிஷ் அருங்காட்சியகங்களே தமது இடத்தைத் தக்கவைக்க உழைக்கவேண்டியிருக்கும்போது, நாம் தனியாக ஒன்றைத் தொடங்குவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

ஹொல்ஸ்டெப்ரோவின் வழியே எமக்குப் பொருந்தும். பொருள் எம்முடையது, இடமும் நிரந்தரச் செலவும் ஏற்கனவே இருக்கும் நிறுவனத்தினுடையது. டெனிஷ் நகரங்களில் உள்ளூர் ஆவணக் காப்பகங்கள் தனியாரின் கடிதங்களையும் படங்களையும் ஏற்றுக்கொள்கின்றன. கோபன்ஹேகனுக்கு அருகே ஃபாரூமில் 2012இல் திறந்த குடிவரவாளர் அருங்காட்சியகம், இந்நாட்டுக்கு வெளியில் இருந்து வந்தவர்களின் வரலாற்றுக்கென்றே இருக்கிறது. அங்கே எமது பங்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்பது நாம் எவ்வளவு கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்பதில் தங்கியுள்ளது.

கொடுப்பதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு. ஒன்று, பட்டியல். பொருள் என்ன, எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர் யார், யாரிடம் இருந்து வந்தது என்று தமிழிலும் டெனிஷிலும் எழுதுங்கள். பெயரெழுதாத படத்தை எந்தக் காப்பகமும் பேசவைக்க முடியாது. இரண்டு, நிபந்தனை. கடிதத்தில் உள்ள ஒரு பெயர் ஊரில் இன்றும் வாழும் ஒருவரைச் சங்கடத்தில் தள்ளலாம். இந்த அச்சம் நியாயமானது. இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக்கூடாது என்று எழுதிக் கையளிக்கலாம். மூன்று, பிரதி. மூலத்தைக் கொடுக்குமுன் படமெடுத்துப் பிள்ளைகளிடமும் ஒன்று இருக்கட்டும்.

சங்கங்களுக்கும் ஒரு சொல். டென்மார்க்கில் சங்கங்களுக்கென்று பொதுவான தனிச்சட்டம் கிடையாது. யாப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சட்டம். சங்கம் கலைக்கப்பட்டால் பணம் யாருக்குப் போகும் என்று எழுதியிருக்கும் பல யாப்புகளில், பழைய ஏடுகளும் படங்களும் யாருக்குப் போகும் என்று எழுதியிருப்பதில்லை. நிர்வாகம் பிளவுபட்டால் பெட்டிகள் கடைசிச் செயலாளரின் நிலவறையில் தங்கிவிடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கலைக்கப்படும்போது ஆவணங்கள் யாவும் இன்ன காப்பகத்தைச் சேரும். யார் தலைவர் என்பதில் இணங்காதவர்களும் இந்த ஒரு வரியில் இணங்கலாம்.

ஒரு புகையிலைக் குடும்பத்தின் வீடு ஹொல்ஸ்டெப்ரோவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொதுமக்களின் வீடாக இருக்கிறது. உள்ளே பெருவின் மண்ணுக்கும் ஆபிரிக்காவின் மரத்துக்கும் இடம் கிடைத்தது, யாரோ ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்ததால். எம்மவரில் முதலில் வந்தவர்கள் இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டுகிறார்கள். இந்த ஆண்டு வரிப்படிவத்தைச் சரிபார்க்க உட்காரும் மாலையில், இன்னும் ஒரு மணித்தியாலம் கூட இருந்து முதல் பக்கப் பட்டியலை எழுதிவிடுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர் நினைவில் இருக்கும்போதே எழுதுங்கள்.